மீனுக்கு ஏற்ற விறகு, கறிக்கு ஏற்ற புகை



நம் கடற்கரைக் குழுக்களில் சூரை மாசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருவாட்டோடு சேர்த்துப் புகை மீனும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கோழி வளர்க்கும் உள்கிராமக் குழுக்களிலும் இந்தப் பேச்சு வருகிறது. எல்லா இடத்திலும் மீன் எவ்வளவு, உப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். விறகைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. "விறகுல என்னம்மா இருக்கு, எரிஞ்சா சரிதானே" என்று சொல்லிவிடுகிறோம்.

அது சரிதானா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாசிக்கு ஏறக்குறைய 5 கிலோ பச்சை மீனுக்கு 1 கிலோ மாசி கிடைக்கும். ஒரு பேச்சுக்கு 50 கிலோ சூரை, கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீனுக்கே 5,000 ரூபாய். கிடைப்பது 10 கிலோ மாசி. கிலோ 800 என்று போனால் கைக்கு 8,000 வரும். அதே மாசியை வியாபாரி மோந்து பார்த்து, "கரி வாடை அடிக்குது, கசக்குது" என்று 500 ரூபாய்க்குத் தள்ளினால் 5,000தான். உப்பு, விறகு, நான்கு பெண்களின் பல நாள் உழைப்பு எல்லாம் வீண். குழுக் கடனுக்கு வட்டி வேறு கட்ட வேண்டும். மீன் நல்ல மீனாக இருந்தும், விறகு கெட்டதால் வந்த நட்டம் இது.

அதனால் இந்த மாதப் பாடம் விறகைப் பற்றியது. நிதானமாகப் படியுங்கள். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

புகை மீனை என்ன செய்கிறது?

புகை போடுவதில் மூன்று வேலை நடக்கிறது. சூட்டில் மீன் வேகிறது. ஈரம் குறைகிறது. புகையில் உள்ள பொருட்கள் மீனின் மேல் படிகின்றன. மீனைக் காப்பாற்றுவதில் பெரிய பங்கு உப்புக்கும், ஈரம் வற்றுவதற்கும்தான். புகை அதற்குத் துணை. வாசனையும் நிறமும் புகை தருவது.

மரத்தில் நாரும் இருக்கிறது, அந்த நாரைப் பிடித்து நிறுத்தும் பசை போன்ற பொருளும் இருக்கிறது. இந்தப் பசைப் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். அது மெதுவாகக் கனியும்போதுதான் நல்ல புகை வாசனை வருகிறது. மற்ற பாகங்கள் கனியும்போது லேசான புளிப்பும், பொன்னிறமும் தரும் பொருட்கள் வருகின்றன. ஒவ்வொரு மரத்திலும் இவை ஒவ்வொரு அளவில் இருப்பதால் புகையும் மரத்துக்கு மரம் மாறுகிறது.

பிசின் அதிகம் உள்ள மரம் எரிந்தால் கறுப்புப் புகையும் கரிப்படிவும் வரும். பைன் மரம் அப்படிப்பட்டது. வெளிநாட்டிலிருந்து இயந்திரச் சாமான்கள் வரும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த மாதிரி மரத்தில் செய்தவைதான். "பெட்டிப் பலகை சும்மா கிடைக்குது" என்று அதை எடுத்துப் போடக் கூடாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். புகையின் வாசனைப் பொருட்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆகவே நெய்ப்பு உள்ள மீன் புகையைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். மத்தி, கானாங்கெளுத்தி இவையெல்லாம் அப்படி. நெய்ப்பு குறைந்த மீனில் வாசனை மேலாகத்தான் நிற்கும், ஆனால் சதை சீக்கிரம் வறண்டு போகும். எந்த விறகு என்பதை முடிவு செய்ய இந்த ஒரு விஷயம் பாதி உதவும்.

நல்ல விறகை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் "டக் டக்" என்று கணீரென்று கேட்கும். ஈரக் கட்டை "தொப்" என்று சத்தம் போடும். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு தெரியும், பட்டை கையோடு வரும்.

2. பூஞ்சை பிடித்த கட்டை வேண்டாம். மழையில் நனைந்து வெள்ளை படர்ந்த விறகின் வாடை மீனில் ஏறும்.

3. பட்டையை உரித்துவிட்டுப் போடுவது நல்லது. பட்டையில் மண்ணும் பூஞ்சையும் ஒட்டியிருக்கும். கசப்பும் அதிலிருந்து வரும்.

4. புகையைப் பாருங்கள். மெல்லிய, லேசாக நீலம் பாய்ந்த புகை நல்ல புகை. மண்டிக்கொண்டு வரும் கனத்த வெள்ளைப் புகையும், கறுப்புப் புகையும் கெட்டவை. தீ சரியாகக் கனியவில்லை என்று அர்த்தம். அது மாறும் வரை மீனை ஏற்றாதீர்கள்.

சந்தேகம் வந்தால் தட்டுச் சோதனை செய்யலாம். ஒரு பழைய எவர்சில்வர் தட்டைப் புகைக்கு மேல் பத்து நிமிடம் பிடியுங்கள். மஞ்சளோ பழுப்போ படிந்தால் நல்லது. விரலில் ஒட்டும் கறுப்புக் கரி படிந்தால் அந்த விறகையோ தீயையோ மாற்ற வேண்டும்.

நம் பக்கத்தில் கிடைப்பவை

வெளிநாட்டுச் சமையலில் பேர் பெற்ற மரங்கள் சில உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீனுக்கு ஆல்டர் மரம், அதே நாட்டின் தெற்கே பன்றிக்கறிக்கு ஹிக்கரி மரம், ஜெர்மனியில் பீச் மரம், ஜப்பானில் சூரைக்கு ஓக் மரம். அங்கே அந்த மரங்கள் வாசலிலேயே நிற்கின்றன, அதனால் எடுத்தார்கள். நாம் நம் வாசலில் நிற்பதைப் பார்ப்போம்.

தென்னை மட்டை (உரிமட்டை): மீனுக்கு இதுதான் முதல் தேர்வு. பற்றி எரியாமல் மெதுவாகக் கனியும், சீரான புகை தரும். லட்சத்தீவில் சூரை மாசிக்கு மட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். காய்ந்த மட்டையாக இருக்க வேண்டும். கயிறு திரிக்கத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டை ஆகாது, அழுகல் வாடை வரும்.

சிரட்டை: கனலாக ஆனபின் நல்ல சூடு. எரியத் தொடங்கும்போது கறுப்புப் புகையும் தாரும் வரும். அதனால் வெளியே எரித்துக் கங்கானபின் அடுப்பில் தள்ளுங்கள்.

சவுக்கு, புளி: கனமான கட்டை, நின்று எரியும், நல்ல கங்கு. சூட்டுக்கு இவை. புகைக்கு மேலே மட்டை போட்டுக்கொள்ளலாம்.

கொய்யா, மா: கவாத்து செய்யும்போது கிடைக்கும் கிளைகளை வெட்டிக் காயவையுங்கள். மென்மையான, லேசாக இனிப்பான புகை. கோழிக்கும் மெல்லிய சதை உள்ள மீனுக்கும் பொருத்தம். மாங்கிளையைப் பாலோடு போடக் கூடாது. பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். நன்றாகக் காய வேண்டும்.

கரும்புச் சக்கை: ஆலைக்குப் பக்கத்து ஊர்களில் கிடைக்கும். லேசான புகை. சீக்கிரம் எரிந்துவிடும் என்பதால் கங்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும்.

சீமைக்கருவேலம்: இது நம் எல்லோருக்கும் தெரிந்த மரம், பலருக்கு வெறுப்பான மரம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மாட்டிறைச்சி வாட்ட மெஸ்கீட் என்ற மரத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். அது நம் சீமைக்கருவேலத்தின் ஒரே இனத்து உறவு மரம்! சூடு அதிகம், புகை காரம். மாடு, ஆடு போன்ற சிவப்புக் கறிக்குத் தாங்கும். மீனுக்கு அந்தப் புகை அதிகம், வாய் கசக்கும். மீனுக்கு அதைக் கரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பனை மட்டை, ஓலை: தீ மூட்டுவதற்கு மட்டும். பக்கென்று எரிந்து சாம்பல் பறக்கும், அது மீனில் ஒட்டும்.

எதற்கு எது? கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்

• சூரை (மாசிக்கு): சூட்டுக்குச் சவுக்குக் கங்கு, புகைக்குத் தென்னை மட்டை.

• மத்தி, கானாங்கெளுத்தி: தென்னை மட்டை. நெய் சொட்டும் மீன் என்பதால் கங்கு நேர் கீழே இருக்கக் கூடாது.

• சங்கரா, கிழங்கான், ஜிலேபி, விரால்: கொய்யா, மா அல்லது கரும்புச் சக்கை. குறைந்த நேரம் போதும்.

• கோழி: கொய்யா அல்லது மா. முதலில் வேகவைத்துப் பிறகு புகை போடுவது பாதுகாப்பு.

• ஆட்டுக்கறி: புளியங்கங்கு, மேலே கொஞ்சம் கொய்யா. காரமான வாசனை பிடித்தவர்கள் ஒரு துண்டு சீமைக்கருவேலம் சேர்க்கலாம்.

• பன்றிக்கறி: கொழுப்பு அதிகம். கொய்யா, மா போதும். நாகாலாந்தில் சமையல் அடுப்புக்கு உயரத்தில் தொங்கவிட்டு நாள் கணக்கில் மெல்லிய புகை காட்டுகிறார்கள். உயரம்தான் அதில் ரகசியம்.

விதி சுருக்கமாக: மெல்லிய சதைக்கு மெல்லிய புகை, நெய்ச்சதைக்கும் சிவப்புக் கறிக்கும் கொஞ்சம் அழுத்தமான புகை.

தொடவே கூடாதவை

இந்தப் பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பல வீடுகளில் விறகு பொறுக்கி வருவது அவர்கள்தான்.

அரளி: எல்லாப் பாகமும் விஷம், புகையும் விஷம். அதன் குச்சியில் கறியைக் குத்திச் சுடுவதும் ஆபத்து.

எட்டி, எருக்கு, கள்ளி: விஷமும் பாலும் உள்ளவை. வேண்டாம்.

தில்லை: பிச்சாவரம் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் நிற்கும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும். விறகின் புகையும் கண்ணைத் தாக்கும். அதோடு, அலையாத்திக் காட்டு மரங்கள் எதையும் வெட்டக் கூடாது. மீன் குஞ்சு வளரும் இடம் அதுதான். அதை எரித்துவிட்டு நாளைக்கு எந்த மீனுக்குப் புகை போடுவது?

முந்திரிக் கொட்டையின் ஓடு: அதில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். புகையும் எரிச்சல் தரும்.

யூக்கலிப்டஸ், வேம்பு: கொடிய விஷம் இல்லை. ஆனால் இலையும் பச்சைக் கிளையும் சேர்ந்தால் மருந்து வாடையும் கசப்பும் வரும்.

உடைந்த படகுப் பலகை: கடற்கரையில் இதுதான் பெரிய ஆபத்து. "நல்லா எரியுதுக்கா, எண்ணெய் ஊறின கட்டை" என்பார்கள். அதில் பெயிண்ட், தார், பூச்சி அரிக்காமல் இருக்கப் பூசிய மருந்து எல்லாம் இருக்கிறது. ஃபைபர் படகுத் துண்டு, பிளைவுட், பழைய கதவு ஜன்னல், ரயில் கட்டை, டயர், பிளாஸ்டிக் எதுவும் கூடாது. மரப் பட்டறைத் தூள் வாங்கினால், பிளைவுட் அறுக்காத பட்டறையா என்று கேட்டு வாங்குங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றியும் தீ மூட்டக் கூடாது. அந்த வாடை மீனை விட்டுப் போகாது.

புகை போடும் வரிசை

முதலில் மீன். கரைக்கு வந்ததிலிருந்து ஐஸில் இருக்க வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்டால் முகம் சிவந்து, உடம்பு தடித்து, அரிப்பும் தலைவலியும் வரும். ஒருமுறை அது உண்டாகிவிட்டால் வேகவைத்தாலும், புகை போட்டாலும், உப்புப் போட்டாலும் போகாது. எந்த விறகும் கெட்ட மீனை நல்ல மீனாக்காது.

புகை மீனுக்குக் குடல், செவுள் எடுத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல்லுப்பு கரைத்து, சிறு மீனை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். எடுத்து நிழலில், காற்றோட்டத்தில், ஈ மொய்க்காமல் வலை மூடி ஒன்றிரண்டு மணி நேரம் வடியவிடுங்கள். மேல்தோல் தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வர வேண்டும். ஈரமாக ஏற்றினால் புகை படியாமல் கறுப்புக் கோடு விழும்.

பிறகு கங்கு தயாரான அடுப்பில் ஏற்றுங்கள். முதலில் மிதமான சூடு, பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். மீனின் நடுச்சதை 63 டிகிரி சூட்டில் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். கோழிக்கு நடுச்சதை 74 டிகிரி தொட வேண்டும். கம்பி வைத்த உணவு வெப்பமானி ஒன்று குழுவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்ப்பதென்றால், முள்ளை விட்டுச் சதை தானாகப் பிரிய வேண்டும், நடுவில் கண்ணாடி போல இருக்கக் கூடாது.

மாசிக்கு முறை வேறு. தலை, குடல் நீக்கி, நீளவாக்கில் கீறி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, ஆறவிட்டு, முள் எடுக்க வேண்டும். பிறகு சில மணி நேரம் புகை, பிறகு வெயில் என்று மாறி மாறிப் பல நாள். கடைசியில் கட்டை போல் இறுகித் தட்டினால் சத்தம் வரும்.

இந்த இரண்டுக்கும் ஆயுள் வேறு வேறு. மாசி நன்றாகக் காய்ந்தால் மாதக்கணக்கில் இருக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விற்கக் கையிருப்பாகும். ஈரம் உள்ள புகை மீன் அப்படி இல்லை. அது சில நாள்தான், அதுவும் குளிர்பெட்டியில். "புகை போட்டாச்சே, கெடாது" என்று வெளியே வைக்காதீர்கள். காற்று புகாத பிளாஸ்டிக் பையில் அடைத்து வெளியே வைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய கிருமி உண்டாகலாம். பூஞ்சை கண்டால் துடைத்து விற்காதீர்கள், குழியில் போடுங்கள்.

நெய் சொட்டினால் என்ன?

கொழுப்பு நேராகக் கங்கில் சொட்டினால் எரிந்து, அந்தப் புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் உண்டாகிறது. விறகு பற்றி எரிந்து கரி பறந்தாலும் இது வரும். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் ஒரு கிலோ புகை மீனில் 5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று வைத்திருந்ததை 2014 செப்டம்பர் முதல் 2 மைக்ரோகிராமாகக் குறைத்தன. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அவ்வளவு கவனம்.

நாம் செய்யக்கூடியது எளிது. மீன் தட்டை உயரத்தில் வையுங்கள். கங்குக்கும் மீனுக்கும் நடுவே ஒரு தகரத் தட்டைச் சாய்வாக வைத்து நெய்யை வெளியே வடியவிடுங்கள். தீ எரியாமல் கனியவிடுங்கள். கறுத்த கரி ஒட்டிய துண்டைத் தனியாக ஒதுக்குங்கள்.

அடுப்பும் நம் உடம்பும்

மேற்கு ஆப்பிரிக்காவில் மீனுக்குப் புகை போடுவது பெண்களின் தொழில். கானா நாட்டின் தலைநகர் அக்ராவுக்குப் பக்கத்தில் சோர்கோர் என்றொரு மீனவ ஊர் உண்டு. அந்த ஊர்ப் பெண்களோடு சேர்ந்து வடிவமைத்த அடுப்புக்குச் சோர்கோர் அடுப்பு என்றே பெயர் வந்தது. நீள்சதுர மண் அடுப்பு, முன்பக்கம் இரண்டு தீவாய், மேலே மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. தட்டு அடுக்கே புகைக்கூண்டு போல வேலை செய்கிறது. விறகு மிச்சம், கை சுடாது, ஒரே தீயில் நிறைய மீன். பின்னால் செனகல் நாட்டில் தியாரோய் என்ற இடத்தில், நெய்யைப் பிடிக்கும் தட்டும் சேர்த்து இன்னொரு அடுப்பு வந்தது. இரண்டிலும் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் பங்கு உண்டு. செங்கல்லும் மண்ணும் வைத்து நம் கொத்தனாரே கட்டக்கூடிய வேலைதான் சோர்கோர் அடுப்பு.

புகை மீனுக்கு நல்லது, நம் நெஞ்சுக்கு நல்லதல்ல. வீட்டுக்குள் விறகு, சாணம் எரிக்கும் புகையால் 2020-இல் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. "எங்களுக்குப் பழகிப்போச்சு" என்று சொல்லாதீர்கள். கண் பழகும், நுரையீரல் பழகாது.

• அடுப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெளியே கூரை மட்டும் போட்டு, சுற்றிலும் திறந்து விடுங்கள்.
• காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள்.
• முந்தானையை மூக்கில் கட்டினால் சாம்பல் நிற்கும், நுண்ணிய புகை நிற்காது. அதை நம்பி அடுப்பருகே உட்காராதீர்கள்.
• கைப்பிள்ளை, கர்ப்பிணி, இளைப்பு உள்ளவர் அடுப்புப் பக்கம் வேண்டாம். அவர்களுக்குக் கழுவுவது, எடை போடுவது, கணக்கு எழுதுவது கொடுங்கள்.
• கங்கைப் பூட்டிய அறையில் வைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. வாசனை தெரியாத விஷவாயு உயிரைக் குடிக்கும்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

1. நம் ஊரில் காசில்லாமல் அல்லது குறைந்த காசுக்குக் கிடைக்கும் விறகு எவை? பட்டியல் எழுதுங்கள். தொடக்கூடாதவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

2. இரண்டு கிலோ மீனை வாங்கி இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்குக்குத் தென்னை மட்டை, ஒரு பங்குக்குக் கொய்யா. உப்பும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். எது எது என்று சொல்லாமல் பத்துப் பேருக்குக் கொடுத்து, எது பிடித்தது என்று கேட்டு எழுதுங்கள்.

3. விறகுக்கு ஆன செலவைத் தனிப் பத்தியாகக் கணக்கு நோட்டில் எழுதுங்கள். வீட்டு விறகானாலும் அதற்கும் ஒரு விலை போடுங்கள். அந்த உழைப்பு உங்களுடையது.

4. மழைக்கு முன் மூன்று மாத விறகைக் காயவைத்து அடுக்க யார் வீட்டுத் தாழ்வாரம்? பொறுப்பு யார்? தீர்மானம் போடுங்கள்.

5. விற்பனைக்குப் போகும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி வேண்டும் என்றால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையோ, கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தையோ கேட்கலாம். குழுவாக மனுக் கொடுத்தால் கூட்டமைப்பு மூலம் அனுப்பி வைக்கிறோம்.

பெரிய கடன் எடுத்துத் தொடங்க வேண்டாம். முதலில் இரண்டு கிலோ, பிறகு பத்து கிலோ. பத்து கிலோவும் ஒரே நிறம், ஒரே வாசனை என்று மூன்று முறை வந்தால் அப்புறம் கடனைப் பற்றிப் பேசலாம். உங்கள் இரண்டு கிலோ சோதனையில் எந்த விறகு ஜெயித்தது என்று குழுத் தீர்மானத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த குழுவுக்கு அது பாடமாகும்.

– கள ஒருங்கிணைப்பாளர்